கழுத்தோரம் ஒரு பிளாஸ்திரி

பின்கழுத்தில் என்னவோ உறுத்திக்கொண்டே இருந்தது. கையைத் தூக்கி ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அங்கே தொட்டுப் பார்த்துவிட்டால் போதும், செண்பகவடிவுக்குப் போன உயிரில் பாதி திரும்பி வந்துவிடும். ஆனால் கை இப்போது அவளுடையதாகவா இருக்கிறது? இரண்டு கையிலும் கிருமி நீக்கிய கையுறை, மேலே பச்சைக் கவுன், கவுனுக்கு உள்ளே ஐந்தாறு கிலோ ஈய ஏப்ரன், ஏப்ரனுக்கு உள்ளே அவள், அவளுக்கு உள்ளே... சேச்சே, அதை நினைக்கவே கூடாது என்றுதானே பதினோரு நாளாக வாயைக் கட்டி வைத்திருக்கிறாள். கழுத்தைத் தொட்டால் கை அசுத்தம். கை பிடித்திருக்கிற கம்பி அசுத்தம். கம்பியின் மறு நுனி இருப்பதோ தளவாய் அண்ணாச்சியின் ஈரலுக்குள். தொடை இடுக்கில் நுழைந்து, வயிற்றின் பெரிய தமனி ஏறி, வளைந்து, கிளை பிரிந்து, தலைமுடி கனத்தில் ஒரு நுனி அங்கே போய் நிற்கிறது. பந்தல் போடுகிற தொழில் அண்ணாச்சிக்கு. ஐம்பத்தெட்டு வயது. ஈரலின் பின்னால், பெரிய ரத்தக்குழாயின் முதுகோடு ஒட்டி ஒளிந்து கிடக்கிற ஒரு சின்ன மடலில் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி. கத்தி வைக்க முடியாது, வெளியிலிருந்து ஊசி குத்திச் சுடவும் முடியாது என்று இரண்டு பெரிய டாக்டர்கள் கையை விரித்த பிறகுதான், ரத்தக்குழாய் வழியாகவே வைத்தியம் பார்க்கிற இந்த கேத் லேபுக்கு வந்தார். கட்டிக்குச் சோறு போடுகிற தமனி எது என்று எக்ஸ்ரே திரையில் பார்த்துப் பார்த்துத் தேடி, அதற்குள்ளேயே குழாயை விட்டு, மருந்தை ஊற்றி, வாயை அடைத்துவிட்டு வர வேண்டும். அந்தத் தமனி இழையோ கொக்கி மாதிரி பின்னால் திரும்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. டாக்டர் இளம்பரிதி ஒரு மணி நேரமாக அதன் வாசலில் நின்று கெஞ்சிக்கொண்டிருக்கிறார். அவர் காலடியில் பெடல். அதை மிதிக்கிற நேரமெல்லாம் எக்ஸ்ரே ஓடும். ஓடின கணக்கு ஐந்து நிமிஷம் ஆனால் மிஷின் கீச்சென்று கத்தும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டெக்னீஷியன் தேவசகாயம் அண்ணன் ஒரு பொத்தானை அமுக்கி அதன் வாயை அடைப்பார். மறுபடி ஐந்து நிமிஷம். இதோ, இப்போது கத்தியது ஏழாவது தடவை.

ஏழு. காலையில் எடுத்தது எந்த ஏப்ரன்? அதுதான், அது மட்டும்தான் ஞாபகம் வரமாட்டேன் என்கிறது. ஆறரைக்கு அடுப்பில் பாலை வைத்தது ஞாபகம் இருக்கிறது, பால் வாடை குமட்டிக்கொண்டு வந்ததும், புருஷன் கோமதிநாயகத்துக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று குழாயைத் திறந்துவிட்டு வாந்தி எடுத்ததும் ஞாபகம் இருக்கிறது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெண் கொய்யாப்பழம் தின்றதுகூட நினைவில் நிற்கிறது. ஆனால் சுவரிலிருந்து ஏப்ரனை எடுத்த கை என்ன எடுத்தது என்று மட்டும் தெரியவில்லை. சுவரில் ஆறு ஏப்ரன். நாலு சிவப்பு, இரண்டு நீலம். நீலம் இரண்டும் ஒரே அளவு, ஒரே கம்பெனி. அதில் ஒன்று நல்லது, ஒன்று பாழ். ஏழு மாதம் முன்பு வருஷாந்தரப் பரிசோதனைக்கு ஒவ்வொன்றாக இதே மேசையில் விரித்துப் போட்டு எக்ஸ்ரேயில் பார்த்தார்கள். உள்ளே ஈயம் முழுசாக இருந்தால் திரையில் கரிக்கட்டையாக இருட்டிக்கொண்டு தெரியும். நீலத்தில் ஒன்று மட்டும் அடிவயிறு வருகிற இடத்தில் வெள்ளை வெள்ளையாகக் கோடு காட்டியது, வற்றின குளத்துத் தரை வெடித்த மாதிரி. மாட்டி வைக்க வேண்டியதை மடித்து மடித்து நாற்காலி முதுகில் போட்டால் ஈயம் அப்படித்தான் வெடிக்கும். எல்லோரும் போடுவார்கள், அவளும் போட்டிருக்கிறாள். தூக்கிக் குப்பையில் எறிய வேண்டியதுதானே என்றால், அது அரசாங்கச் சாமான். உதவாது என்று எழுதிக் கழித்துக் கண்டெம் பண்ண வேண்டும். மூன்று பேர் கமிட்டி, மூன்று கையெழுத்து, மூன்று நகல். எழுதிக் கொடுத்தாள். படிவம் பழசு என்று திரும்பி வந்தது. புதுப் படிவத்தில் எழுதினாள். கமிட்டியில் ஒருவர் ரிட்டயர் ஆகிவிட்டார். அதுவரை ஆறு உருப்படியும் சுவரில் இருந்தாக வேண்டும், ஸ்டாக் பார்க்க வருகிறவருக்கு எண்ணிக் காட்ட வேண்டும். அவளும் சும்மா இருக்கவில்லை. வெடித்ததன் கழுத்துப்பட்டைக்கு உள்பக்கம் பிளாஸ்திரி ஒட்டி, பால்பாயிண்டு பேனாவால் "போடாதீங்க - வடிவு" என்று எழுதி, கடைசி ஆணியில் மாட்டினாள். இன்றைக்குச் சுவர் கழுவினார்கள். அத்தனை ஏப்ரனையும் இறக்கி மறுபடி எந்த ஆணியில் மாட்டினார்களோ. அவள் ஓடி வரும்போது அண்ணாச்சி மேசையில் ஏறிப் படுத்தாகிவிட்டது, டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். எதையோ எடுத்தாள், தலையை விட்டாள், கட்டினாள். நீலம். அது மட்டும் தெரியும். கழுத்தில் உறுத்துவது, ஏப்ரனுக்கு மேலே கழுத்தைச் சுற்றிக் கட்டுகிற ஈயத் தொண்டைக் காப்பின் ஒட்டுப் பட்டையாகவும் இருக்கலாம். பிளாஸ்திரியின் விளிம்பாகவும் இருக்கலாம். கழுத்தை லேசாகப் பின்னால் சாய்த்துப் பார்த்தாள். உறுத்தல் நகர்ந்தது. பட்டை என்றால் நகராதே. இல்லை, பட்டையும் நகரும், போன வாரம்கூட நகர்ந்து காதுக்குக் கீழே வந்து நின்றதே.

"சிஸ்டர், ஆடாதீங்க" என்றார் டாக்டர், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். அவள் ஆடவில்லை. கழுத்து மட்டும்தான் ஆடியது. விரல் இரண்டும் கல்லில் செதுக்கின மாதிரி கம்பியைப் பிடித்திருக்கின்றன, அதில் யாரும் குறை சொல்ல முடியாது. எட்டு வருஷமாக அதற்குத்தானே அவளைக் கூப்பிடுகிறார்கள். கஷ்டமான கேஸ் என்றால் வடிவு சிஸ்டரை வரச் சொல்லு, அவங்க பிடிச்சா பிடிச்சதுதான். அந்தப் பெருமைக்கும் ஒரு வயிறு இருக்கிறது, அதற்கும் தீனி போட வேண்டியிருக்கிறது. பெடல் மிதிபடுகிற சத்தம். திரையில் ஈரலின் இழைகள். இந்த நிமிஷம் இந்த வெளிச்சமில்லாத வெளிச்சம் அண்ணாச்சியின் உடம்பில் பட்டு, சிதறி, நாலு பக்கமும் தெறித்து... அதில் எத்தனை துளி தன் மேல் தெறிக்கிறது? பயிற்சி வகுப்பில் சொன்னார்கள், நல்ல ஏப்ரன் போட்டால் உள்ளே போவது கடுகளவுகூட இல்லை, கர்ப்பிணிகள்கூடப் பாதுகாப்பாக வேலை பார்க்கலாம், முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான் என்று. அவளே புதுசாக வருகிற பிள்ளைகளுக்கு அதை ஒப்பித்திருக்கிறாள். சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். என்ன சுலபமாகச் சொல்கிறார்கள். முதல் தடவை சொன்னாளே. நாற்பதாவது நாளே தெரு முழுக்கச் சொன்னாள், கேசரி கிண்டிக் கொடுத்தாள். அன்றைக்கே இங்கிருந்து வார்டுக்கு மாற்றிக்கொண்டு போனாள், ஒரு எக்ஸ்ரே பக்கம்கூடப் போகவில்லை. அறுபதாவது நாள் போய்விட்டது. இரண்டாவது தடவை வீட்டில் இரண்டு பேருக்கு மட்டும் சொன்னாள். அதுவும் நிற்கவில்லை. மூன்று மாசம் முடியாமல் வாயைத் திறந்தா இப்படித்தான், ஊர்க் கண்ணு சும்மாவா இருக்கும் என்று மாமியார் சொன்னபோது, எனக்கா தெரியாது, நான் நர்சு படித்தவள், பத்தில் ஒன்றிரண்டு இப்படித்தான் போகும் என்று வாய் சொன்னது. மனசு சொல்லவில்லை. மனசு அன்றைக்கே மாமியார் கட்சியில் போய்ச் சேர்ந்துகொண்டது. அதனால்தான் இந்தத் தடவை இரண்டு கோடு வந்த அட்டையைக் காகிதத்தில் சுற்றி ஆஸ்பத்திரிக் குப்பையில் கொண்டு வந்து போட்டாள். புருஷனுக்குக்கூடச் சொல்லவில்லை. பஸ் டெப்போவிலிருந்து கிரீஸ் வாடையோடு வந்து, ஏன்டீ முகம் வாடிக் கிடக்கு என்று கேட்கிற மனுஷனிடம் வெயில் என்றாள். சொன்னால் போய்விடும். சொல்லாவிட்டால் இங்கே நிற்க வேண்டும். இந்தப் பக்கம் போனாலும் சுவர், அந்தப் பக்கம் போனாலும் சுவர்.

எட்டாவது தடவை கத்தியது. டாக்டர், "ரன் எடுக்கறேன்" என்றார். சாய மருந்தை வேகமாக விட்டுப் படம் படமாக எடுக்கிற நேரம், அப்போதுதான் அதிகம் தெறிக்கும். மற்ற கேஸ்களில் எல்லோரும் கண்ணாடிக்குப் பின்னால் ஓடிவிடுவார்கள். கம்பி பிடிக்கிறவள் ஓட முடியாது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு அண்ணாச்சிக்குச் சொன்னாள், மூச்சை இழுங்க அண்ணாச்சி, பிடிங்க, அப்படியே. அவர் பிடித்தார். என்ன அருமையாகப் பிடிக்கிறார். காலையில் மேசையில் ஏற்றும்போது, பந்தல் உச்சியில் கால் ஊன்ற இடம் இல்லாமல் நிற்கையில் மூச்சைப் பிடித்துத்தான் பழக்கம், அதனால் அதுக்கெல்லாம் பயம் இல்லை, ஆனா தனியா விட்டுராதீங்க என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நீ கூடவே நிப்பேல்லா தாயி? நிப்பேன் என்று சொல்லிவிட்டாள். எதற்குச் சொன்னாள்? வாய்க்கு வந்ததைச் சொல்வதே பிழைப்பாகிவிட்டது. அவருக்கு ஒரே மகள், அவள் வெளியே பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கம்பி நழுவினால் ஒரு மணி நேரம் கெஞ்சிப் பிடித்த வாசல் போய்விடும், தமனி சுருங்கிக்கொள்ளும், இன்றைக்கு மறுபடி திறக்காது. இன்னொரு நாள் வரலாம் என்பார்கள். கட்டி இன்னொரு நாள் வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டா இருக்கும்? அவள் பேட்ஜ் எங்கே இருக்கிறது? கதிர்வீச்சை அளக்கிற சின்ன பேட்ஜ், ஏப்ரனுக்கு உள்ளே நெஞ்சில் குத்தியிருக்க வேண்டியது. வெளியே ஆணியில் தொங்குகிறது. எல்லோருடையதும் அங்கேதான் தொங்கும். அளவு கூடினால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும், ஆளை வார்டுக்குத் தூக்கிப் போடுவார்கள், ஆள் போனால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வர வருஷமாகும். அதனால் அளப்பதே இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அறிக்கை வரும், எல்லோருக்கும் பூச்சியம். சிரித்துக்கொண்டு கையெழுத்துப் போடுவார்கள். இன்றைக்கு அவள் மேல் என்ன விழுந்தது என்று நாளைக்கு யாராவது கேட்டால் அந்தச் சுவர்தான் சொல்லும், பூச்சியம் என்று. எத்தனை கெட்டிக்காரர்கள் நாங்கள் என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. முகமூடிக்குள் சிரித்தால் மூச்சு திரும்பி முகத்திலேயே அடித்தது, காலையில் குமட்டிய பால் வாடையோடு.

குழாய் உள்ளே போய்விட்டது. டாக்டர் ஒரு பெருமூச்சு விட்டார். மருந்தும் எண்ணெயும் கலந்த குழம்பை ஊசிக் குழலில் சொட்டுச் சொட்டாக அமுக்க, திரையில் கட்டி மெல்ல மெல்லக் கறுத்து எழுந்தது. கறுத்த இடமெல்லாம் மருந்து குடித்த இடம். ஒன்பது. பத்து. முடிந்தது, முடியப் போகிறது, இன்னும் பத்து நிமிஷத்தில் கவுனைக் கழற்றிப் பின்கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிடலாம். அம்மன் கோவிலுக்கு மாவிளக்குப் போடுகிறேன். இல்லை, வேண்டுதல் வைத்தால் அதுவும் சொன்ன மாதிரிதானே? சாமியிடம் சொன்னால் சொன்னதாகுமா? அப்போது டாக்டர் உச்சுக்கொட்டினார். கட்டியின் ஒரு ஓரம், மேலே, நகக்கீறல் அளவுக்கு வெளுப்பாகவே நிற்கிறது. அந்த ஓரத்துக்கு வேறு எங்கிருந்தோ சாப்பாடு வருகிறது. நுரையீரலுக்குக் கீழே இருக்கிற தசைக்குப் போகிற தமனியிலிருந்து ஒரு திருட்டு இழை. அதை விட்டுவிட்டால் ஆறு மாதத்தில் அங்கேயிருந்தே மறுபடி முளைக்கும். அதையும் பிடித்துவிடலாம் என்றார். ஆனால் எக்ஸ்ரே தலையை அவள் பக்கம் நன்றாகச் சாய்க்க வேண்டும், சாய்த்தால் நடுவில் தொங்குகிற ஈயக் கண்ணாடி இடிக்கும், அதனால் அதைத் தள்ளிவிட வேண்டும். இன்னும் ஒரு இருபது நிமிஷம், சிஸ்டர், நீங்க அப்படியே பிடிச்சுக்குங்க. கண்ணாடி நகர்ந்து போனது. எக்ஸ்ரேயின் பெரிய தலை உறுமிக்கொண்டு அவள் பக்கம் சாய்ந்தது. அவளுக்கும் அதற்கும் நடுவில் இப்போது ஒன்றுமே இல்லை, நல்லதோ பாழோ தெரியாத ஒரு நீல ஏப்ரனைத் தவிர. கழுத்தில் உறுத்தல். இருபது நிமிஷம். மிஷின் இன்னும் நாலு தடவை கத்தும். ஒரு நகக்கீறல் அவருக்கு. ஒரு நகக்கீறல் அளவு அவளுக்கும். வாயைத் திறக்காதே வடிவு, திறந்தால் போய்விடும், முதல் தடவை திறந்தாய், போனது, இரண்டாவது தடவை திறந்தாய், போனது. ஆனால் முதல் தடவை போனது எதனால், உனக்குத் தெரியுமா? தெரியாது. இரண்டாவது? தெரியாது. இந்தத் தடவை போனால் எதனால் என்று தெரியும், சாகிற வரைக்கும் தெரியும், ஒவ்வொரு நாளும் இந்த மேசைக்கு முன்னால் வந்து நிற்கும்போது தெரியும். டாக்டரின் கால் பெடலுக்குப் போவதைப் பார்த்தாள்.

"சார், எனக்கு நாள் தள்ளிப் போயிருக்கு. நாப்பத்தாறு நாள் ஆகுது."

கால் நின்றது. திரையில் கடைசிப் படம் அப்படியே உறைந்து கிடந்தது. இத்தனை நாள் பொத்திப் பொத்தி வைத்தது, முகமூடி வழியாக, ஏசி சத்தத்துக்கு நடுவில், இப்படியா வெளியே வர வேண்டும்? முதன்முதலாகக் கேட்டது கோமதிநாயகம் இல்லை, ஒரு டாக்டர், மைக் வழியாகத் தேவசகாயம் அண்ணன், அப்புறம்... ஐயோ, அண்ணாச்சி முழித்துக்கொண்டுதானே இருக்கிறார். டாக்டருக்குக் கோபம் வரவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. ஏன் சிஸ்டர், காலையிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றார். அவளுக்குப் பதில் இருந்தது, ஒரு மணி நேரம் சொல்லலாம். அதற்குள் பச்சைத் துணிக்கு அடியிலிருந்து அண்ணாச்சியின் சத்தம் வந்தது.

"அதெல்லாம் அவகிட்டக் கேக்காதீங்க சார். தாயி, நீ வெளிய போ. நான் அசைய மாட்டேன்."

அசைய மாட்டேன் என்கிறார். கூடவே நிற்பேன் என்று அவள்தான் சொன்னாள். கம்பி, சார், கம்பி நழுவிடும் என்றாள். டாக்டர் கிண்ணத்திலிருந்து ஒரு துண்டுத் துணியை உப்புநீரில் நனைத்து மடித்தார், அவள் விரலுக்குப் பக்கத்தில் கம்பியின் மேல் படிய வைத்தார், மெல்ல விடுங்க என்றார். விட்டாள். கம்பி நகரவில்லை. அங்கேயே கிடந்தது. கொஞ்சம் நேரம் கூட ஆகும், அவ்வளவுதான், போங்க என்றார் டாக்டர். எட்டு வருஷம். ஒரு ஈரத் துணி. அதை நினைத்து ரோஷப்படக்கூட இப்போது நேரம் இல்லை, அப்புறம் படலாம். அண்ணாச்சியின் கால் பக்கமாகச் சுற்றி வரும்போது துணிக்கு வெளியே தெரிந்த அவர் பாதத்தைத் தொட்டாள். கையுறை அசுத்தமாகிவிட்டது, ஆகட்டும்.

கதவு மூடியதும் முதலில் கையுறையை உரித்தாள். கை தானாகப் பின்கழுத்துக்குப் போனது. விரலில் பட்டது ஒட்டுப் பட்டையா, வேறா என்று ஒரு நொடி தெரியவில்லை. பிறகு தெரிந்தது. பிளாஸ்திரிக்கு ஒரு சொரசொரப்பு உண்டு, நாளுக்கு முப்பது தடவை கிழித்து ஒட்டுகிறவளுக்கு அது தெரியாமல் போகுமா? கவுனைக் கழற்றி எறிந்து, ஏப்ரனைத் தலை வழியே பிடுங்கினாள். வியர்வையில் ஒரு முனை சுருண்டிருந்தது. "போடாதீங்க - வடிவு." தன் கையெழுத்துதான். நல்ல கையெழுத்து, ஸ்கூலில் பரிசு வாங்கினது. அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. வந்தது ஆத்திரம், யார் மேல் என்று தெரியாத ஆத்திரம், பிறகு யார் மேல் என்று தெரிந்த ஆத்திரம். ஏப்ரனைக் கண்ணாடி அறையின் மேசையில் விரித்தாள். டிராயரில் மாவுக்கட்டு வெட்டுகிற பெரிய கத்தரி இருந்தது. அடிவயிறு வருகிற இடத்தில், ஓரத்தில் வைத்து அமுக்கினாள். ஈயம் எளிதில் மசியவில்லை. இரண்டு கையாலும் அமுக்கினாள். ஒரு விரற்கடை வெட்டியது.

தேவசகாயம் அண்ணன் திரும்பிப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார், கத்தரியைப் பார்த்தார். "ஏம்மா, அது கவர்மெண்டு சாமானுல்லா?"

"தெரியும்ணே. போடாதீங்கன்னு எழுதிட்டு, அதே சுவத்துல திரும்ப மாட்டினது நான்தானே."

ஸ்பீக்கரில் டாக்டர் குரல், மூச்சை இழுங்க, பிடிங்க. திரையில் அந்த வெளுத்த ஓரத்துக்குள் முதல் கறுப்பு ஒரு புள்ளியாக இறங்கியது. அண்ணாச்சி பிடித்திருந்தார், அசையவே இல்லை. அவளும் மூச்சைப் பிடித்திருந்தாள் என்பது, விடுங்க என்று ஸ்பீக்கரில் கேட்டபோதுதான் தெரிந்தது. ஏப்ரன் வழுக்கிக்கொண்டு கத்தரிக்குப் பின்னால் ஓடியது. தேவசகாயம் அண்ணன் எழுந்து வந்து மறு ஓரத்தை இறுக்கி இழுத்துப் பிடித்துக்கொண்டு, வெட்டு என்றார். வெட்டினாள். பாதி வந்தபோது மிஷின் கீச்சென்று கத்தியது. அவர் ஒரு எட்டில் போய்ப் பொத்தானை அமுக்கிவிட்டு வந்து, மறுபடி பிடித்துக்கொண்டார்.